கம்பெனி வாசலில் தேசியத் திருநாள்

பிரதி வருஷமும் ஆகஸ்டு மாதத்தின் இரண்டாவது வாரத்தில், சென்னை நகரத்தின் தென்பாகத்திலே, பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கிலும் ஓங்கி நிற்கும் அந்நிய தேசக் கம்பெனிகளின் காரியாலயங்களில் ஓர் உற்சாகம் தோன்றுகிறது. வாசலில் காவியும் வெள்ளையும் பச்சையுமான தோரணங்கள் ஆடுகின்றன. கூடத்தின் நடுவே மூவர்ணக் கோலம் விரிகிறது. சிப்பந்திகள் வேட்டியும் சேலையும் உடுத்தி வரவேண்டுமென்று முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடுகிறது. போஜனசாலையில் மூன்று நிறத்தில் இட்லி வேகிறது. மாலையில் தேசபக்திப் பாட்டுப் போட்டி, தேச சரித்திரத்தில் வினா விடைப் போட்டி, வென்றவர்க்குப் பரிசு. கடல் கடந்த தேசத்தில் வீற்றிருக்கும் தலைமை நிர்வாகி கம்ப்யூட்டர் திரையில் தோன்றி, கைகூப்பி, இரண்டொரு இந்திய வார்த்தைகளில் வாழ்த்துரைக்கிறார். கரகோஷம் எழுகிறது.

இக்காட்சியைக் கண்டு முகம் சுளிப்போர் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர் அல்லோம். இம்மூவர்ணக் கொடியைக் கையில் பிடித்த குற்றத்துக்காகத் திருப்பூர்க் குமரன் தடியடி பட்டு உயிர் துறந்தது 1932-ம் வருஷம் ஜனவரி மாதத்தில். அக்கொடியை இன்று அந்நியன் தன் கம்பெனி வாசலில் தானே விரும்பிக் கட்டுகிறான் என்றால், அதில் மகிழ்ச்சி கொள்ளாத தமிழன் உண்டோ?

ஆயினும், தோரணம் அவிழ்ந்த பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆகஸ்டு 14-ந் தேதி கம்பெனியில் கொண்டாட்டம் நடந்தது. 15-ந் தேதி யாருக்கு விடுமுறை கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை? இக்கேள்விக்கு விடை காணாமல் தேசிய தினத்தைப் பற்றிப் பேசுவது, மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு மணப்பந்தலை மெச்சுவது போலாகும்.

கோட்டை சொல்லும் பாடம்

அந்நிய தேசத்தில் காரியாலயம் வைத்து வியாபாரம் செய்யும் கம்பெனி என்பது சென்னைக்குப் புதிய வஸ்து அன்று. இந்நகரமே அத்தகைய கம்பெனியொன்றின் காரியாலயத்தைச் சுற்றி வளர்ந்ததுதான். 1639-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் துணிந்தபோது, அதற்கு இங்கிலாந்து தேசத்தின் காவல் புனிதராகிய ஜார்ஜின் பெயரை இட்டார்கள். அவருடைய திருநாள் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி. சொந்த தேசத்தின் பெருநாளுக்கு உரியவரை, கடல் கடந்த காரியாலயத்தின் நெற்றியிலேயே அவர்கள் எழுதி வைத்தார்கள். தங்கள் ஊரின் நினைவை விட்டுவிட்டு அவர்கள் வியாபாரத்துக்கு வரவில்லை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அன்று அக்கோட்டைக்குள் மூட்டை தூக்கியவனுக்கும், துணி நெய்து கொடுத்தவனுக்கும், கணக்கு எழுதியவனுக்கும் தங்களுடையதென்று சொல்லிக்கொள்ள ஒரு தேசிய நாள் இருந்ததில்லை என்பதை மறத்தலாகாது.

அந்த நாளை நாமே உண்டாக்கிக் கொண்டோம். 1929-ம் வருஷம் டிசம்பரில் லாகூர்க் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை நிறைவேற்றியது; அதன்படி 1930-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி தேசமெங்கும் சுதந்திர தினம் அனுஷ்டிக்கப்பட்டது. சர்க்கார் விடுமுறை தரவில்லை. கம்பெனிகள் மிட்டாய் வழங்கவில்லை. அந்நாளை அனுஷ்டித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு தடியடியும் சிறைவாசமுமே. இரண்டு வருஷம் கழித்து, 1932-ம் வருஷத்தின் அதே ஜனவரி 26-ந் தேதியை ஒட்டி, பாஷ்யம் என்னும் இளைஞர், பிற்காலத்தில் ‘ஆர்யா’ என்று பெயர் பெற்றவர், இருளில் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார். ஒரு கம்பெனியின் காரியாலயமாகத் தோன்றி ஒரு ராஜாங்கத்தின் பீடமாக முடிந்த அவ்விடத்தில், ஒரு தேசத்தின் நாள் திருட்டுத்தனமாக ஏற வேண்டியிருந்தது. 1947-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி அதே கோட்டையில் பகிரங்கமாக ஏறிய கொடி இன்றும் கோட்டை மியூசியத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கம்பெனி வாசலில் கொடி கட்டுவோர் ஒரு முறையேனும் சென்று அதைக் கண்டு வருதல் நலம்.

தூத்துக்குடியில் கேட்ட விடுமுறை

கொடியின் சரித்திரம் இதுவானால், விடுமுறையின் சரித்திரமும் ஒன்று உண்டு. அதை நம்மவரிற் பலர் அறியார்.

1908-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடியில், ஹார்வி கம்பெனியாரால் நடத்தப்பட்ட கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை, உடன் நின்று முழங்கியவர் சுப்பிரமணிய சிவா. அத்தொழிலாளர் கேட்டவை எவை? கூலி உயர்வு, அதனோடு வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. கவனியுங்கள்: வெள்ளைக்காரன் கம்பெனியில் நம் ஜனங்கள் நிமிர்ந்து நின்று கேட்ட முதல் காரியங்களுள் ஒன்று, ஒரு நாள் தங்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்பது. மார்ச்சு மாத முதல் வாரத்தில் நிர்வாகத்தார் இணங்கினார்கள். விடுமுறையும் கிடைத்தது, கூலியும் உயர்ந்தது.

அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், மார்ச்சு 9-ந் தேதி, வங்காளத்து விபின சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான நாளைத் தேசியத் திருநாளாகக் கொண்டாடப் பிள்ளையவர்களும் சிவாவும் முனைந்தார்கள். அதிகாரிகள் தடுத்தார்கள், இவர்கள் அஞ்சவில்லை. 12-ந் தேதி கைதானார்கள். 13-ந் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. ஒரே மாதத்தில், ஒரே ஜில்லாவில், ஒரே தலைவர் இரண்டு காரியங்களைச் செய்தார்: அந்நியக் கம்பெனியிடமிருந்து தொழிலாளிக்கு விடுமுறை வாங்கித் தந்தார், தேசத்துக்கு ஒரு திருநாளை உண்டாக்க முயன்று சிறை சென்றார். இவ்விரண்டும் அவருக்கு வெவ்வேறு காரியங்களாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் அவை வெவ்வேறாகத் தோன்றுவானேன்?

சட்டம் சொல்வது

சுதந்திரத்துக்குப் பின், காமராஜர் முதல் மந்திரியாயிருந்த காலத்தில், 1958-ம் வருஷத்தில், சென்னை ராஜ்யத்துச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. தொழில் ஸ்தாபனங்களில் தேசிய விடுமுறைகளையும் பண்டிகை விடுமுறைகளையும் பற்றிய சட்டம் அது. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய தினங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு முழு நாள் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்பது அதன் ஆணை. மே மாதம் முதல் தேதியும் பிறகு அவ்வரிசையில் சேர்ந்தது. இவையன்றிப் பண்டிகைகளுக்கென ஐந்து நாட்கள். தொழிற்சாலைகள் மாத்திரமன்றிக் கடைகளும் வர்த்தக ஸ்தாபனங்களும் அதில் அடங்கும். கர்நாடகமும் 1963-ம் வருஷத்தில் இத்தகைய சட்டம் செய்து, தன் ராஜ்யம் உருவான நவம்பர் முதல் தேதியையும் விடுமுறை நாட்களில் சேர்த்துக்கொண்டது.

இச்சட்டத்தின் நுட்பம் ஒன்றை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பண்டிகை நாட்கள் ஐந்தும் இன்ன நாட்கள் என்று சட்டம் குறிக்கவில்லை. ஊருக்கும் மதத்துக்கும் தக்கபடி அவை மாறலாம். தேசிய தினங்களை மட்டும் தேதியிட்டுக் கட்டிவிட்டது. ஏனெனில் தீபாவளி ஒருவருக்கு, ரம்ஜான் ஒருவருக்கு, கிறிஸ்துமஸ் ஒருவருக்கு. ஆகஸ்டு 15 எல்லோருக்கும். அன்றைக்கு வேலை செய்ய நேர்ந்த தொழிலாளிக்கும் சட்டம் வழி காட்டுகிறது. அவன் இரட்டைச் சம்பளம் பெறலாம். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை பெறலாம். இவ்விரண்டில் எது என்பது தொழிலாளியின் இஷ்டம். முதலாளியின் இஷ்டம் அன்று.

தலைமைக் காரியாலயத்தின் பஞ்சாங்கம்

இனி இக்காலத்துக்கு வருவோம். அந்நிய தேசக் கம்பெனிகள் தங்கள் சொந்த அலுவல்களுக்காக இந்தியாவில் நடத்தும் காரியாலயங்கள், 2024-ம் வருஷத்துக் கணக்கின்படி 1,700-க்கு மேற்பட்டவை. அவற்றில் உழைப்போர் சுமார் 19 லட்சம். பெங்களூர், ஹைதராபாத், சென்னை, புனா, டில்லி ஆகிய நகரங்களைச் சுற்றி அவை பெருகியிருக்கின்றன. அந்நியக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்து கொடுக்கும் நம் நாட்டுக் கம்பெனிகளில் உழைப்போரை இக்கணக்கில் சேர்க்கவில்லை. இவர்களிற் பலருடைய வேலை, கடலுக்கு அப்பாலுள்ள வாடிக்கைக்காரனுடைய வேலை. ஆகவே இவர்களுடைய பொழுதும் அவனுடைய பொழுது. சிலருக்கு விடுமுறையும் அவனுடைய விடுமுறை.

இதனால் விளையும் விபரீதத்தைப் பாருங்கள். அமெரிக்கர் தங்கள் சுதந்திரத்தைக் கொண்டாடும் ஜூலை 4-ந் தேதி, சோழிங்கநல்லூரில் ஓர் இளைஞன் வேலையின்றி வீட்டிலிருக்கிறான். நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்கர் அறுவடைக்கு நன்றி செலுத்தி விருந்துண்ணும் நாள்; அன்றும் அவனுக்கு ஓய்வு. ஆகஸ்டு 15-ந் தேதியோ வாடிக்கைக்காரனுக்குச் சாதாரண நாள். ஆதலால் அன்றைக்கு அவன் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கிறான். முந்தின நாள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து போட்டோ பிடித்துக்கொண்ட அதே இளைஞன்! கொண்டாட்டம் நம் பஞ்சாங்கப்படி. ஓய்வு அவர்கள் பஞ்சாங்கப்படி.

இரவு நேரத்தில் உழைப்போர் விஷயம் இன்னும் வேடிக்கையானது. வேடிக்கை என்பதைவிட வேதனையானது என்பதே பொருந்தும். நம் தேசம் விடுதலை பெற்றது நள்ளிரவில். ஆகஸ்டு 14 முடிந்து 15 பிறக்கும் அந்த நாழிகையில், நியூயார்க் நகரத்தில் 14-ந் தேதி பிற்பகல் மணி இரண்டரை. அங்கே காரியங்கள் மும்முரமாக நடக்கும் வேளை. அவ்வேளையில் இங்கே டெலிபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, அங்குள்ள ஒருவனுடைய கடன் கணக்கையோ விமான டிக்கெட்டையோ சரிசெய்து கொண்டிருப்பவனுக்கு விடுமுறை எப்போது தொடங்குகிறது? 14-ந் தேதி மாலை வந்து 15-ந் தேதி விடியற்காலை வீடு திரும்பி, அன்று பகல் முழுதும் உறங்கி, அன்றிரவு மறுபடியும் புறப்பட்டால், அவனுக்குச் சுதந்திர தினம் எங்கே இருந்தது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நாள் என்பதை நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்றே கூறியது. விடுமுறை ஒரு முழு நாள் என்றால், அம்முழு நாளைத் தூக்கத்தால் நிரப்பிவிட்டுக் கணக்குக் காட்டுவது சட்டத்தின் எழுத்துக்கு ஒருகால் பொருந்தலாம். அதன் உயிருக்குப் பொருந்தாது.

பந்தியில் இடமில்லாதவர்

இவர்களாவது படித்தவர்கள், வேறிடம் தேடிக்கொள்ள வல்லவர்கள். கொண்டாட்டத்தின் ஓரத்தில் நிற்பவர் வேறு சிலர் இருக்கிறார்கள். கொடிக்கம்பத்தை நட்டவன் ஒருவன். கோலத்துக்குத் தரை கழுவியவள் ஒருத்தி. வாசலில் நின்று வந்தோர் அடையாளச் சீட்டைப் பார்த்தவன் ஒருவன். சிப்பந்திகளை அவரவர் வீட்டிலிருந்து ஏற்றி வந்த வண்டியோட்டி ஒருவன். மூவர்ண இட்லியை அவித்தவள் ஒருத்தி. இவர்கள் கம்பெனிச் சிப்பந்திகள் அல்லர், கண்டிராக்டரின் ஆட்கள். கம்பெனியின் வாழ்த்துக் கடிதம் இவர்களுக்கு வருவதில்லை. தேசிய கீதம் பாடும்போது இவர்களும் விறைத்து நிற்கிறார்கள். மிட்டாய் வழங்கும்போது, மிகுந்திருந்தால் பெறுகிறார்கள். விடுமுறையைப் பற்றிக் கேட்டால் கம்பெனி கண்டிராக்டரைக் காட்டுகிறது. கண்டிராக்டர் கம்பெனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டுகிறான்.

சுதந்திர தினத்தின் பொருள் இவர்களிடத்தில் பொய்த்துப் போகுமானால் அது வேறெவரிடத்தில் மெய்யாகும்? கோட்டைக்குள் மூட்டை தூக்கியவனுக்கு அன்று தேசிய தினம் இல்லாதது அடிமைத்தனத்தின் அடையாளம். காரியாலயத்தின் தரை துடைப்பவளுக்கு இன்று அந்நாள் கிடைக்காமற் போவதற்கு என்ன பெயரிடுவது? வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

அவர்கள் சொல்லும் சமாதானம்

நிர்வாகிகள் தரப்பிலும் நியாயம் கேட்பது முறை. ‘உலகெங்கும் இடைவிடாமல் நடக்கும் வேலை இது, ஆஸ்பத்திரிகளும் பாங்குகளும் விமானங்களும் எங்களை நம்பியிருக்கின்றன, ஒரு தேசத்தின் பண்டிகைக்காக உலகத்தை நிறுத்த முடியுமா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். முடியாதுதான். ரயிலும், மின்சாரமும், ஆஸ்பத்திரியும், ஏன், இந்தப் பத்திரிகையும் விடுமுறை நாளில் சிலருடைய உழைப்பால்தான் நடைபெறுகின்றன. அதை உணர்ந்தே சட்டம் இரட்டைச் சம்பளத்தையும் மாற்று விடுமுறையையும் வகுத்தது. உலகத்தை நிறுத்துமாறு நாம் கேட்கவில்லை. ஓட்டுகிறவனுக்கு உரியதைக் கொடுக்குமாறே கேட்கிறோம்.

‘எங்களிடம் விருப்ப விடுமுறை உண்டு, வேண்டிய நாளை அவரவர் தேர்ந்துகொள்ளலாம்’ என்பது இரண்டாவது சமாதானம். பண்டிகைகளுக்கு இது மிக நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். தேசிய தினத்துக்கு இது ஒவ்வாது. எல்லோரும் ஒரே நாளில் ஓய்ந்திருப்பதுதான் தேசிய தினத்தின் உட்பொருள். தனித்தனியே வெவ்வேறு நாளில் எடுத்துக்கொள்ளும் ஓய்வு எத்தனை சுகமானதாயினும் அது சொந்த விடுமுறையே; தேசத்தின் விடுமுறை ஆகாது.

இந்தச் சமாதானங்களின் வேர் எங்கே இருக்கிறதென்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். இக்கம்பெனிகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தாயகம் அமெரிக்கா. அங்கே 1938-ம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய தொழிற்சட்டம், விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டுமென்று தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜூலை 4-ந் தேதிகூட அங்குள்ள தனியார் சிப்பந்திக்கு ஒப்பந்தத்தாலும் வழக்கத்தாலும் கிடைப்பதேயன்றி அச்சட்டத்தால் கிடைப்பதன்று. ஆகவே விடுமுறையைக் கம்பெனி தன் கையால் அளிக்கும் சலுகையாகக் கருதும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. நம் நாட்டிலோ தேசிய விடுமுறை சலுகையன்று, உரிமை. அதைத் தருவது கம்பெனி அன்று, குடியரசு. இந்த வேற்றுமையைத் தலைமைக் காரியாலயத்தாருக்கு எடுத்துரைப்பது இங்குள்ள இந்திய நிர்வாகிகளின் கடமை. அவர்களோ, பெரும்பாலும், தோரணத்தின் நிறத்தைப் பற்றி எழுதும் கடிதங்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதுவதில்லை.

கொடிக்குச் செய்யும் மரியாதை

கொண்டாட்டத்தைக் கொண்டாட்டமாகவே எடுத்துக்கொண்டாலும் அதிலும் திருந்த வேண்டியவை உண்டு. 2002-ம் வருஷம் ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த கொடி விதிகள், வருஷத்தின் எல்லா நாட்களிலும் கொடியேற்றத் தனி மனிதருக்கும் தனியார் ஸ்தாபனங்களுக்கும் இடமளித்தன. கண்ணியமாகக் கொடியேற்றுவது பிரஜையின் அடிப்படை உரிமையென்று 2004-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. 2021-ம் வருஷம் டிசம்பர் வரையில் கொடி என்றால் கையால் நூற்று நெய்த துணியே. அதன்பின் இயந்திரத்தில் நெய்ததும் பாலியெஸ்டர் துணியும் அனுமதிக்கப்பட்டன. கொடி மலிந்தது நன்றே. மலிந்த பொருளை மதியாமல் விடுவது மனித இயல்பு என்பதால், எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. காகிதக் கொடிகளைத் தரையில் எறியலாகாதென்றும், மேஜைத் துணியிலும் கைக்குட்டையிலும் கொடியை அச்சிடலாகாதென்றும் விதிகள் கூறுகின்றன. ஆகஸ்டு 16-ந் தேதி காலையில் காரியாலயக் குப்பைத் தொட்டிகளைக் கிளறிப் பார்த்தால், எத்தனை கொடிகள் அகப்படும் என்பதை எண்ண மனம் கூசுகிறது. அவற்றைப் பொறுக்கி எடுப்பவளும் விடுமுறை இல்லாத அந்தத் துப்புரவுப் பெண்ணே.

அதற்காக எதற்கெடுத்தாலும் அபராதம் கண்டுபிடிக்கும் வீண் ஆர்ப்பாட்டக்காரருடன் சேர நாம் விரும்பவில்லை. கோயம்புத்தூரில் ஒரு விழாவில் மூவர்ணக் கேக்கை வெட்டினார்களென்று தொடர்ந்த வழக்கை 2021-ம் வருஷத்தில் சென்னை ஹைக்கோர்ட் தள்ளிவிட்டது. அதைக் குற்றமாகக் கொள்ள முடியாதென்று கூறியது. அது நியாயமான தீர்ப்பு. தேசபக்தியைக் கேக்கின் நிறத்தில் தேடுவதும் வேண்டாம். கேக்கோடு முடித்துவிடுவதும் வேண்டாம்.

ஒரே நாள், மூன்று தேசம்

அந்நியக் கம்பெனிகளில் தேசிய தினம் எவ்வளவு பொருள் நிறைந்ததாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்து ஹூண்டாய்க் கம்பெனி 1998-ம் வருஷம் முதல் மோட்டார் வண்டிகள் செய்து வருகிறது. ஒரகடத்தில் ஜப்பானிய நிஸான் கம்பெனி பங்காளியாக நிறுவிய தொழிற்சாலை 2010-ம் வருஷத்தில் தொடங்கிற்று. இவ்விரண்டு தேசத்தாருக்கும் ஆகஸ்டு 15 சாதாரண நாளன்று. 1910-ம் வருஷம் முதல் 35 வருஷம் ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்த கொரியா, 1945-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி விடுபட்டது. அதுவே அவர்களுடைய விடுதலைத் திருநாள். ஜப்பானியருக்கு அதே நாள் சரணாகதி நாள். யுத்தத்தில் மாண்டோருக்கு அரசாங்கமே நினைவுச் சடங்கு நடத்தும் நாள். நம் சுதந்திரத்துக்கு அத்தேதி அமைந்ததும் வெறும் தற்செயல் அன்று. தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுச் சேனாபதியாயிருந்த மவுண்ட்பேட்டன், ஜப்பான் சரணடைந்த இரண்டாவது ஆண்டு நிறைவை மனத்திற் கொண்டே அந்நாளைக் குறித்தார்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் ஒரே சாலையில், ஒரே காலையில், ஒருவருக்கு வெற்றியும் ஒருவருக்குத் துக்கமும் ஒருவருக்குப் பிறப்புமாக ஒரு தேதி உதிக்கிறது! தமிழ்த் தொழிலாளியும் கொரியா தேசத்து எஞ்சினீயரும் அன்று அரை மணி நேரம் அருகருகே உட்கார்ந்து, ‘எங்கள் பாட்டனாருக்கு நேர்ந்தது இது’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், அதற்கு ஈடாகுமா நூறு வினா விடைப் போட்டி? பலூன் கட்டும் செலவில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது.

நம்மவர் கடல் கடந்தால்

இவ்வளவும் பிறர்க்குச் சொன்னோம். நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளே கடல் கடந்து காரியாலயம் வைக்கின்றன. டாடா கன்ஸல்டன்ஸி கம்பெனி 2001-ம் வருஷத்திலேயே ஹங்கேரி தேசத்துப் புடபெஸ்ட் நகரத்தில் காரியாலயம் திறந்தது. அந்நாட்டாருக்கு அக்டோபர் 23 தேசிய தினம்; 1956-ம் வருஷத்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த புரட்சியை நினைந்து அவர்கள் அதை அனுஷ்டிக்கிறார்கள். சென்னையில் ஆகஸ்டு 15-க்கு நாம் என்ன கேட்கிறோமோ, அதை அங்கே அக்டோபர் 23-க்கு நம்மவர் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். இந்திய வாடிக்கைக்காரனுக்கு அவசரமென்று ஹங்கேரியனை அன்று வேலைக்கு அழைக்கும் இந்திய நிர்வாகி எவனாயினும், அவன் நம் சுதந்திர தினத்தைக் கொண்டாடத் தகுதியற்றவன்.

மலேசியா இவ்விஷயத்தில் நமக்கு நல்ல வழிகாட்டி. அந்நாட்டின் 1955-ம் வருஷத்து வேலைச் சட்டம், வருஷத்தில் 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்துடன் தர வேண்டுமென்கிறது. தேசிய தினம், மாமன்னர் பிறந்த தினம், ராஜ்யத்து அரசர் பிறந்த தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் என்னும் ஐந்தும் அவற்றுள் கட்டாயம் இடம்பெற வேண்டியவை. சொந்தக்காரன் எந்த தேசத்தானாயினும் இந்த ஐந்தும் அங்கே தப்பா. ரப்பர்த் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்து அத்தேசத்தை உருவாக்கியவருள் நம் தமிழரும் உண்டாதலால், அச்சட்டத்தின் நிழலில் அவர்களும் இளைப்பாறுகிறார்கள்.

செய்ய வேண்டுவன

நாம் விரும்புவன நான்கே. ஒன்று: தேசிய விடுமுறை அதன் தேதியிலேயே, முழு நாளாக, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், இரவு வேலைக்காரருக்கு 14-ந் தேதி இரவிலிருந்தே ஓய்வு கணக்கிட வேண்டும். இரண்டு: தவிர்க்க முடியாமல் உழைப்பவருக்கு இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ, அவரே தேர்ந்துகொள்ளும்படி, கேட்பதற்கு முன் தரவேண்டும். மூன்று: கண்டிராக்டரோடு செய்யும் ஒப்பந்தத்திலேயே, காவற்காரர், துப்புரவாளர், சமையற்காரர், வண்டியோட்டி ஆகியோரின் தேசிய விடுமுறையையும் அதற்குரிய சம்பளத்தையும் கம்பெனி எழுதிச் சேர்க்க வேண்டும். நான்கு: இந்தியக் கம்பெனிகள் அந்நிய நாடுகளில் அந்தந்த நாட்டின் தேசிய தினத்துக்கு இதே மரியாதையைச் செய்ய வேண்டும். இவற்றுள் எதுவும் கம்பெனியின் லாபத்தை விழுங்கிவிடும் காரியமன்று. தோரணம் கட்டும் உற்சாகத்தில் பாதி போதும்.

தொழிற்சங்கத்தாருக்கும் தேசபக்த இளைஞருக்கும் இதில் வேலை இருக்கிறது. வருஷத்தின் தொடக்கத்தில் கம்பெனி வெளியிடும் விடுமுறைப் பட்டியலைக் கையில் எடுங்கள். யார் யார் அதில் அடங்குகிறார்கள், யார் யார் விடுபடுகிறார்கள் என்று கணக்கெடுங்கள். விடுபட்டவர் பெயரால் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் வரையில் கேளுங்கள். தூத்துக்குடித் தொழிலாளர் சட்டத்தின் துணையில்லாத காலத்தில் கேட்டுப் பெற்றார்கள். நமக்குச் சட்டம் இருக்கிறது. வாயைத் திறப்பதற்கு அஞ்சுவதேன்?

அடுத்த ஆகஸ்டு 14-ந் தேதி மாலையில் கம்பெனி வாசலில் கொடி ஏறும்போது, நாமும் எழுந்து நின்று வணங்குவோம். மறுநாள் காலையில், தரை துடைக்கும் பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அதன் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தைப் பார்க்கப் போகிறாளா என்பதையும் பார்ப்போம். போகிறாளென்றால், கோட்டையில் ஏறிய கொடி கம்பெனி வாசலிலும் உண்மையாகவே ஏறிவிட்டது என்று கொள்வோம்.